உப்புக்கும் சரக்குக்கும் ஒரே இலாகா!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போயிருப்பீர்கள். மரக்காணம் வந்ததும் கார் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். சதுரம் சதுரமாகப் பாத்திகள், குவியல் குவியலாக வெள்ளை உப்பு. செல்போனில் ஒரு படம். அவ்வளவுதான், ஊர் பின்னால் போய்விடும்.

அந்தப் பாத்தியை இன்று கொஞ்சம் நின்று கவனிப்போம்.

உவர்நீரை வெயிலில் காயவிட்டால், உப்புக்கு முன்னால் படிவது ஜிப்சம். சிமென்ட்டில் கலக்கிறார்களே, அதுதான். எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டுக்கும் அதுவே மூலப்பொருள். ஜிப்சத்தை அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினால்தான் நல்ல உப்பு விளையும்.

'உப்பைப் பற்றிய கட்டுரையா சார்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பாதிதான் உப்பு. மீதி, பியர்!

இங்கிலாந்தின் நடுவில், ட்ரென்ட் நதிக்கரையில் பர்ட்டன் என்றொரு ஊர். அந்த ஊர்க் கிணற்று நீர் ஜிப்சப் படிவங்களில் ஊறி வருவது. அதில் காய்ச்சிய பியர் வெளிர் பொன்னிறமாக, தெளிவாக, சுருக்கென்ற கசப்போடு வந்தது. 'பேல் ஏல்' என்று உலகம் கொண்டாடும் சரக்குக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தண்ணீர் அது.

ஆனால், பர்ட்டனுக்கு முன்பே நம்ம மதராஸுக்கு பேல் ஏல் வந்துவிட்டது. அனுப்பியவர்களில் பெரிய புள்ளி, லண்டனின் ஹாட்ஜ்சன் குடும்பம். 1752-ல் தொடங்கிய அவர்களின் 'போ' மதுவாலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கப்பல் கேப்டன்கள் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனி அனுமதித்திருந்தது. ஹாட்ஜ்சன் அவர்களுக்கு ஒன்றரை வருஷம் வரை கடனுக்குச் சரக்கு கொடுத்தார். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ருசி அப்புறம். அவரை ஜெயிக்க வைத்தது இந்தக் கடன் வசதிதான்!

பீப்பாய்கள் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, மாதக்கணக்கில் கடலில் ஆடி, கடைசியில் மசூலா படகுகளில் மதராஸ் கரையேறின. அதிகம் சேர்த்த ஹாப்ஸ் பூ பியரைக் கெடாமல் காத்தது. 'இந்தியாவுக்காகவே கண்டுபிடித்த பியர்' என்று இதைச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. பேல் ஏல் ஏற்கெனவே இங்கிலாந்தில் இருந்ததுதான். இங்கே சிப்பாய்கள் அதிகம் குடித்ததும் கறுப்பு 'போர்ட்டர்' பியரைத்தான்.

பின்னால் ஹாட்ஜ்சன் வீட்டுப் பிள்ளைகள், கேப்டன்களைக் கழற்றிவிட்டுத் தாங்களே மொத்தத்தையும் விற்கப் பார்த்தார்கள். கம்பெனிக்குக் கடுப்பு. 1822-ல் கம்பெனி இயக்குநர் மார்ஜரிபேங்க்ஸ், பர்ட்டனைச் சேர்ந்த சாமுவேல் ஆல்சப்பை விருந்துக்குக் கூப்பிட்டார். ஹாட்ஜ்சன் பியரை முன்னால் வைத்து, 'இதே மாதிரி உங்களால் முடியுமா?' என்று கேட்டார். ஆல்சப்பின் ஆள் முதல் சாம்பிளை ஒரு டீ பாத்திரத்தில் காய்ச்சினார் என்பது பர்ட்டன்காரர்கள் பெருமையோடு சொல்லும் கதை.

யோசித்துப் பாருங்கள். உலகப் புகழ் பெற்ற பர்ட்டன் பேல் ஏல், இன்னொருத்தர் சரக்கைப் பார்த்துச் செய்த நகல்!

அந்த விளையாட்டு இன்றும் நடக்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம், வங்கி குமாஸ்தா ஒருவர் தன் சமையலறையில் பிடித்த கம்பெனி பியரின் 'நகல் ரெசிபி'யைப் பிரித்து வைக்கிறார். முளைகட்டி உலர்த்திய பார்லியை 65, 66 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார். இறுத்த சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார். ஊர்த் தண்ணீர் பர்ட்டன் தண்ணீர் ஆக வேண்டுமே? அதற்கு ஒரு ஸ்பூன் ஜிப்சம். மரக்காணம் பாத்தியில் முதலில் படிகிறதே, அதே சமாசாரம்!

போலீஸ் பிடிக்காதா என்கிறீர்களா? பிடிக்காது. 1880 முதல் லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு, 1963-ல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுபவர்களை அதிலிருந்து விடுவித்தது.

நம்ம ஊர்க் கதை வேறு. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றொரு துறைமுகம் வரும். அது இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள், ஒட்டகங்கள் படுத்துக் கிடப்பதுபோல் கிடக்கின்றன. அதையே விறகாக்கி, மீனவப் பெண் ஒருத்தி பக்குவப்பட்ட கள்ளைத் தெளிவாக வடித்துத் தருகிறாள். வரும் பாணர்களுக்குச் சுட்ட மீனோடு விருந்து.

அந்தப் பெண்ணுக்கு லைசென்ஸ் இல்லை. கடற்கரையில் உப்பு வாரவும் அப்போது சர்க்கார் கையெழுத்து தேவைப்பட்டிருக்காது.

வெள்ளைக்காரன் இரண்டையும் மூடினான். 1886-ல் மதராஸ் அப்காரி சட்டம். கள் இறக்க, சாராயம் காய்ச்ச அனுமதியும் வரியும். 1889-ல் மதராஸ் உப்புச் சட்டம். இரண்டையும் கவனித்தது ஒரே இலாகா. பெயர் 'உப்பு, அப்காரி, சுங்க இலாகா'!

1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மதுவிலக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் சில்லறை மதுக்கடைகளை அரசின் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. கடை உண்டு, கள் கிடையாது. வீட்டில் ஒரு பாட்டில் பியர் காய்ச்சினாலும் அது இங்கே குற்றம்தான். ஆகவே, மேலே சொன்ன ரெசிபியை முயற்சி செய்துவிடாதீர்கள்!

கடைசியாக ஒரு தேதி. 2023 மே 13. மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமம். சாராயம் என்று வாங்கிக் குடித்தவர்களுக்கு வயிறு எரிந்தது, கண் மங்கியது. மரக்காணம் பகுதியில் மட்டும் 14 பேர் செத்துப்போனார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 20-க்கும் மேல்.

அவர்கள் குடித்தது யாரும் காய்ச்சிய சாராயமே இல்லை. ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறையே அறிவித்தது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாகி, முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்லியோ, பனஞ்சாறோ, நொதிக்க வைத்தால் வருவது எத்தனால்; மெத்தனால் இருந்தாலும் துளிக்கூட ஆபத்தில்லாத அளவுதான். எக்கியார்குப்பத்தில் ஆலை ரசாயனமே சரக்கென்ற பெயரில் விலை போயிருக்கிறது. மறு வருஷம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. அங்கே 60-க்கும் மேற்பட்டவர்கள். அதே மெத்தனால்.

குடி நல்லது என்று சொல்ல வரவில்லை. குடி குடியைக் கெடுக்கும். பழமொழி பொய் இல்லை. ஆனால், பர்ட்டன் சமையலறையில் கொதிப்பது என்ன என்று கொதிக்க வைப்பவருக்குத் தெரியும். எயிற்பட்டினத்துப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். எக்கியார்குப்பத்தில் தம்ளரை வாயில் வைத்தவருக்குத்தான் தெரியவில்லை. சட்டம், வரி, தடை என நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் இலாகாக்கள் எழுதிய கணக்கில், அவர் என்ன குடிக்கிறார் என்று பார்க்க ஒரு வரி இல்லாமல் போயிற்று.

அடுத்த முறை மரக்காணத்தில் காரை நிறுத்தினால், உப்பைப் படம் எடுங்கள். அப்படியே கடல் பக்கம் ஒரு தடவை திரும்பியும் பாருங்கள். எக்கியார்குப்பம் அங்கேதான் இருக்கிறது.