பம்பு ஓடுமுன் எடுக்க வேண்டிய அளவு: இங்கிலாந்தின் சரளைக் குழிகளும் அண்டைக் கிணறுகளும்

1843-இல் ஆக்டன் எதிர் பிளண்டெல் வழக்கில் வந்த தீர்ப்பு, கிணற்றுக்காரர்களின் கையைக் கட்டிப்போட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் நீரை இறைத்ததால் அண்டை ஆலையின் கிணறு வற்றியது. தன் நிலத்துக்கு அடியில் கசிந்து வரும் நீரை ஒருவர் எடுத்தால், அதை எதிர்த்து வழக்கு நிற்காது என்றது மன்றம். தேம்ஸ் கரையிலுள்ள சன்பரியில், பள்ளங்களிலிருந்து நீரை இறைத்ததால் பக்கத்து நிலம் அமிழ்ந்ததாக லாங்புரூக் நிறுவனம் தொடர்ந்த வழக்கிலும் 1969-இல் அதே பதில்தான்.

2003-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. நீரெடுப்பால் நட்டப்பட்டவர் இழப்பீடு கோர வழி பிறந்தது. ஆனால் குழிகளில் நீர் இறைப்பதற்கு இருந்த உரிம விலக்கு 2018 ஜனவரி 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது. நாளொன்றுக்கு 20 கன மீட்டருக்கு மேல் இறைப்பவர் இப்போது உரிமம் பெற வேண்டும்.

உரிமை கிடைத்துவிட்டது, சாட்சியம்? கோடையில் கிணறு வற்றினால், குவாரிக்காரர் மழையைக் கைகாட்டுவார், வீட்டுக்காரர் பம்பைக் கைகாட்டுவார். இறைப்பு தொடங்குமுன் ஒரு நீரியல் ஆண்டாவது எடுத்த அளவுகளும், பம்பு எட்டாத தொலைவில் ஒப்பீட்டுக்கென ஒரு கிணறும் இல்லாவிட்டால் இருவருமே ஊகத்தைத்தான் பேசுகிறார்கள்.

அந்த இடத்தைச் சூத்திரம் நிரப்பும் என்பது வசதியான நம்பிக்கை. பாதிப்பு எட்டும் தொலைவைக் கணிக்கச் சிசார்ட் சூத்திரம் பரவலாகக் கையாளப்படுகிறது: மீட்டரில் எடுத்த நீர்மட்டத் தாழ்வை 3000-ஆலும், வினாடிக்கு மீட்டரில் எடுத்த ஊடுருவு திறனின் வர்க்கமூலத்தாலும் பெருக்க வேண்டும். 4 மீட்டர் தாழ்வு, வினாடிக்கு 1 மில்லிமீட்டர் ஊடுருவு திறன் என்றால் விடை ஏறத்தாழ 380 மீட்டர். திறன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 120 மீட்டர். ஒரே குழிக்குள்ளேயே சரளை அந்த அளவுக்கு மாறுவது அபூர்வமல்ல. போதாக்குறைக்கு, இது காலத்தையே கணக்கில் கொள்ளாத சூத்திரம்; குவாரியோ ஆண்டுக்கணக்கில் இறைக்கிறது. வரைபடத்தில் இட்ட வட்டத்துக்கு வெளியே வீடு இருப்பதாலேயே ஒருவரின் புகாரைத் தள்ளிவிட முடியாது.

அளப்பதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. வீட்டு மோட்டார் ஓடி நின்ற உடனே நாடாவை இறக்கினால், அந்தக் கிணறு தானே இழந்த நீரும் குவாரியின் கணக்கில் சேரும். காற்றோட்டக் குழாயில்லாத அழுத்த உணரி, நீரின் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே பதிகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். புயல் நெருங்கி அழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் சரிந்தால், திருத்தாத பதிவில் நீர்மட்டம் 30 சென்டிமீட்டர் இறங்கியதாகத் தெரியும். ஒரு மீட்டர் நீரே நிற்கும் ஆழமற்ற கிணற்றில் அது பீதிக்குப் போதுமான எண்.

இறைத்த நீரைக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே அகழி வெட்டி மீண்டும் மண்ணுக்குள் விடலாம். இறைக்காமலே நீருக்கடியிலிருந்து சரளையை அள்ளலாம். இரண்டுமே கிணறு வற்றிய பிறகு யோசிக்கும் வேலைகளல்ல. நீர்மட்டம் எந்த அளவைத் தொட்டால் பம்பை நிறுத்துவது என்பதையும் உரிமத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பம்பு நின்றாலும் கணக்கு முடியாது. நீர்மட்டம் 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் நிலத்தில் 300 மீட்டர் நீளக் குழி ஏரியானால், அதன் நீர்ப்பரப்பு சமமாகிவிடும்: தோராயமாக மேல்விளிம்பில் அரை மீட்டர் தாழ்வு, கீழ்விளிம்பில் அரை மீட்டர் உயர்வு. மேல்புறக் கிணறுகளுக்கு அந்த அரை மீட்டர் திரும்பி வராது. இறைப்பு நிற்கும் நாளோடு அளவீட்டையும் நிறுத்தச் சொல்லும் நிபந்தனை, அந்தக் கிணறுகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறது.