தண்ணிக்கும் காசு, அது போற வழிக்கும் காசா? கழிவுநீர்க் கட்டணம் யாருக்குக் கூடியது?

தண்ணீர்க் கட்டணம் ஏறும்போதெல்லாம் சிங்கப்பூரில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஏன் இவ்வளவு?" ஆனால் ரசீதில் இருக்கும் ஒரு வரியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதுதான் கழிவுநீர்க் கட்டணம். ரசீதில் 'வாட்டர்போர்ன் டேக்ஸ்' என்று இருக்கும்.

அது என்ன? எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதைப் பற்றி ஏன் வாக்குவாதம்? பார்ப்போம்.

ஒரு ரசீது, மூன்று கணக்கு

நாம் கொடுக்கும் தண்ணீர்க் கட்டணம் மூன்று பகுதிகளைக் கொண்டது. 2025 ஏப்ரல் 1 முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு (ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்):

- தண்ணீருக்கான விலை: 1 வெள்ளி 43 காசு
- தண்ணீர்ச் சேமிப்பு வரி: 72 காசு
- கழிவுநீர்க் கட்டணம்: 1 வெள்ளி 9 காசு

மொத்தம் ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. பொருள், சேவை வரி தனி. ஆக, மூன்றில் ஒரு பங்கு குழாயில் வரும் தண்ணீருக்கு அல்ல. சாக்கடைக் குழாயில் போகும் தண்ணீருக்கு.

முன்பு கழிவறையை எண்ணினார்கள்

2017க்கு முன் கணக்கு வேறு மாதிரி. வீட்டில் எத்தனை கழிவறை இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் மாதம் ஏறக்குறைய 2 வெள்ளி 80 காசு. அதோடு, பயன்படுத்தும் தண்ணீரில் ஒரு கன மீட்டருக்கு 28 காசு. அதிகமாகத் தண்ணீர் புழங்கினாலும் சரி, புழங்காவிட்டாலும் சரி, கழிவறைக்கான தொகை மாறாது.

2017 பிப்ரவரியில் அப்போதைய நிதி அமைச்சர் ஹெங் சுவீ கியட் வரவுசெலவுத் திட்டத்தில் தண்ணீர்க் கட்டண உயர்வை அறிவித்தார். மொத்த உயர்வு 30 விழுக்காடு. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுதான் முதல் உயர்வு. அந்த ஆண்டு ஜூலையிலும் அடுத்த ஆண்டு ஜூலையிலும் இரண்டு கட்டமாக நடப்புக்கு வந்தது.

அப்போதுதான் கழிவறைக் கணக்கு நீங்கியது. எல்லாம் தண்ணீரின் அளவைப் பொறுத்தது என்று ஆனது. 2018 ஜூலையில் கழிவுநீர்க் கட்டணம் கன மீட்டருக்கு 92 காசு. 2024 ஏப்ரலில் 1 வெள்ளி. ஓர் ஆண்டு கழித்து 1 வெள்ளி 9 காசு.

கவனிக்க வேண்டிய ஒன்று: 2017, 2018 உயர்வில் தண்ணீரின் விலை 1 வெள்ளி 17 காசிலிருந்து 1 வெள்ளி 21 காசுக்குத்தான் போனது. நாலே காசு! மற்றதெல்லாம் சேமிப்பு வரியும் கழிவுநீர்க் கட்டணமும்.

யாருக்குக் கூடியது, யாருக்குக் குறைந்தது?

சிங்கப்பூரில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 141 லிட்டர் தண்ணீர் பயன்படுத்துகிறார். இது 2023ஆம் ஆண்டின் கணக்கு. இதை வைத்து மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர்க் கட்டணத்தை மட்டும் பார்ப்போம்.

- ஒரு கழிவறை, ஐந்து பேர், மாதம் சுமார் 20 கன மீட்டர்: பழைய முறையில் 8 வெள்ளி 41 காசு. இப்போது 21 வெள்ளி 80 காசு.
- இரண்டு கழிவறை, நான்கு பேர், 17 கன மீட்டர்: அப்போது 10 வெள்ளி 37 காசு. இப்போது 18 வெள்ளி 53 காசு.
- மூன்று கழிவறை, இரண்டு பேர், 8 கன மீட்டர்: அப்போது 10 வெள்ளி 65 காசு. இப்போது 8 வெள்ளி 72 காசு.

கடைசி வீட்டுக்குக் கட்டணம் குறைந்திருக்கிறது! கழிவறை ஒன்றுக்கு மாதம் 3.5 கன மீட்டருக்கும் குறைவாகப் புழங்கும் வீடுகளுக்கு, 2017க்கு முன்பு இருந்ததைவிட இப்போது குறைவுதான்.

சிறிய வீட்டில் நிறைய பேர் இருந்தால் சுமை கூடுகிறது. பெரிய வீட்டில் இரண்டு பேர் இருந்தால் குறைகிறது. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பங்கள் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஏன் உயர்த்த வேண்டியிருக்கிறது?

ஒரு காலத்தில் இங்கே மலத்தை வாளியில் அள்ளிச் சென்றார்கள். அந்த முறை 1987இல்தான் முற்றிலும் முடிந்தது. இன்று கழிவுநீர் எல்லாம் நிலத்தடிக் குழாய்களில் போகிறது.

அதில் பெரிய திட்டம் ஆழ்நிலச் சாக்கடைக் கட்டமைப்பு. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் கொண்ட முதல் கட்டம் 2008இல் முடிந்தது. செலவு 3.4 பில்லியன் வெள்ளி. மேற்குப் பகுதிக்கான இரண்டாம் கட்டத்துக்கும் துவாஸ் சுத்திகரிப்பு ஆலைக்கும் 6.5 பில்லியன் வெள்ளி.

இதனால் இரண்டு லாபம் என்கிறது பொதுப் பயனீட்டுக் கழகம். ஒன்று, பழைய சுத்திகரிப்பு ஆலைகளும் இறைப்பு நிலையங்களும் இருந்த நிலம் மிச்சமாகிறது. இன்னொன்று, சாக்கடைக்குப் போகும் தண்ணீர்தான் நியூவாட்டராகத் திரும்பி வருகிறது. அதாவது, நாம் கொட்டும் தண்ணீர் வீணாவதில்லை. நாட்டின் நீர்வளங்களில் ஒன்றாகிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

2017இல் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று இரு தரப்பு உறுப்பினர்களும் கேள்வி எழுப்பினார்கள். அப்போதைய சுற்றுப்புற, நீர்வள அமைச்சர் மசகோஸ் ஸுல்கிஃப்லி, தண்ணீரின் அருமை விலையில் தெரிய வேண்டும் என்று வாதிட்டார். அந்த மார்ச் மாதம் ஹோங் லிம் பூங்காவில் ஒரு கண்டனக் கூட்டமும் நடந்தது.

வாதங்களைச் சுருக்கினால்:

நியாயம் என்போர்: யார் அதிகம் பயன்படுத்துகிறாரோ அவர் அதிகம் கட்டட்டும். கழிவறையை எண்ணினால் யாருக்கும் சிக்கனம் வராது. லிட்டர் கணக்கு என்றால் குழாயை மூட ஒரு காரணம் இருக்கும்.

நியாயமில்லை என்போர்: சுரங்கம் தோண்டும் செலவு யார் எத்தனை முறை குளிக்கிறார் என்பதைப் பொறுத்தது அல்ல. குளிக்க, சமைக்க, துவைக்க ஓரளவு தண்ணீர் வேண்டும்தானே? ஐந்து பேர் வீட்டில் அது ஐந்து மடங்கு. அதோடு, சாப்பாட்டுக் கடைக்குக் கூடும் கட்டணம் கடைசியில் நம் தட்டில்தான் வந்து விழும்.

தள்ளுபடி கைகொடுக்கிறதா?

2017இல் கட்டணம் உயர்ந்தபோது, தகுதிபெறும் வீவக குடும்பங்களுக்கான யூ-சேவ் தள்ளுபடியும் ஆண்டுக்கு 40 முதல் 120 வெள்ளி வரை கூட்டப்பட்டது. சிறிய வீடுகளுக்கு அதிகம், பெரிய வீடுகளுக்குக் குறைவு.

ஆனால் வழக்கமான யூ-சேவ் தொகை வீட்டு வகையைப் பொறுத்தது, ஆள் எண்ணிக்கையை அல்ல. கட்டணமோ ஆளுக்கு ஆள் கூடுகிறது. ஈரறை வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஐவர் இருந்தாலும் தள்ளுபடி ஒன்றுதான். இந்த இடைவெளி தெரியாத ஒன்றல்ல. 2020 வரவுசெலவுத் திட்டத்தில், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் உள்ள வீடுகளுக்கு அந்த ஓர் ஆண்டு மட்டும் கூடுதல் யூ-சேவ் கிடைத்தது.

ஆகவே "கட்டணம் ஏறலாமா, கூடாதா" என்பது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, ஏறும் சுமையை வீட்டை வைத்துப் பங்கிடுவதா, ஆளை வைத்துப் பங்கிடுவதா என்பது. லிட்டர் கணக்கை வைத்துக்கொண்டே பெரிய குடும்பங்களுக்கு நிரந்தரமாகக் கூடுதல் தள்ளுபடி தரவும் முடியும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் வீட்டில் எப்படி?

ரசீதில் இருக்கும் கன மீட்டர் எண்ணை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சுமார் 4.2 வந்தால் நாட்டுச் சராசரி. அதைவிட நிறையக் கூடினால், முதலில் கழிவறைத் தொட்டி கசிகிறதா என்று பார்ப்பது நல்லது. கசியும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் மூன்று வெள்ளிக்கு மேல் போகிறது. அதில் ஒரு வெள்ளிக்கு மேல் கழிவுநீர்க் கட்டணம். மாதம் 40 கன மீட்டரைத் தாண்டும் அளவுக்கு விகிதம் இன்னும் அதிகம்.