ஒரே பந்தியில்: தாம்பரம், 1938

சண்டே ஸ்கூலில் எபிரெயர் நிருபத்தின் 13-ம் அதிகாரத்தை எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒரு விசுவாசி செய்ய வேண்டியவை அதில் மளமளவென்று வரும். கூட விசுவாசிக்கிறவர்களைக் கூடப்பிறந்தவர்களாக நேசிக்கணும். வாசலுக்கு வரும் அந்நியரை உபசரிக்கணும். வழிநடத்தும் பெரியவர்களுக்குக் கீழ்ப்படியணும். விரல் விட்டு எண்ணிச் சொன்னால் பரிசு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, பரிசு முக்கியமாச்சே.

அப்படி ஒரு மோதல் நடந்த இடம் நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்பது, 'தாம்பரம் சீரீஸ்' என்ற ஏழு தொகுதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்தது. கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தே இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சுற்றிலும் புதர்க்காடு. 1931-லேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டதால் பட்டணத்துக்குப் போய்வருவது சுலபம். அந்தக் காட்டுக்குள் எழுபதுக்குக் கொஞ்சம் குறைவான நாடுகளிலிருந்து 471 பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள். 1910-ல் எடின்பரோவில் நடந்த முதல் மாநாட்டுக்கு வந்த சுமார் 1,200 பேரில் ஆசியச் சபைகளைச் சேர்ந்தவர்கள் இருபதுகூட இல்லை. அதோடு ஒப்பிட்டால்தான் இந்தக் கணக்கு புரியும்.

அந்த இருபதுக்கும் குறைவானவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர். 1910-ல் அந்த மாநாட்டின்போது அவருக்கு வயது 35தான். உலகத்தின் பெரிய மிஷனரிகளையெல்லாம் எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, அவர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பற்றிப் பேசினார். எங்களுக்காகச் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், அதற்கெல்லாம் நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்று அவர் முடித்ததும் அரங்கத்தில் சங்கடம். சிலர் கோபப்பட்டார்கள். கைகுலுக்குவது, வீட்டுக்கு வந்துபோவது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, இவ்வளவுதான் அவர் கேட்டது. கீழ்ப்படிவது பற்றி நமக்கு ஆயிரம் பிரசங்கம் உண்டு. கீழ்ப்படிகிறவன் தன் தலைவரைப் பார்த்து 'ஏன் எனக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறீர்கள்?' என்று கேட்பதும் ஒரு கடமைதான் என்று சொன்ன பிரசங்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1912-ல், அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தாம்பரம் மாநாட்டின்போது இந்திய தேசியக் கிறிஸ்தவ கவுன்சிலின் தலைவர் அவர். எடின்பரோவில் விருந்தாளியாக இருந்தவர், இங்கே வீட்டுக்காரர்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வெள்ளைக்காரரிடம் சமபந்தி கேட்ட தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலர் பக்கத்துத் தெருக் கிறிஸ்தவருக்கு அதைத் தரவில்லை. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விடச் சொன்னபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். வேதநாயக சாஸ்திரியார் மாதிரி ஒரு பெருங்கவிஞரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்றவர். கூடப்பிறந்தவர் என்ற சொல் எத்தனை பேரை உள்ளே விடும் என்பது அப்போதும் தகராறுதான், இப்போதும் தகராறுதான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்நியர் விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரம் என்றதும் இறையியல் மாணவர்கள் நினைப்பது இந்தச் சண்டையைத்தான். ஜாவாவில் பணியாற்றிய டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர், மாநாட்டுக்காகவே ஒரு தடித்த புத்தகம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மனிதர் கட்டிய மதங்களுக்கும் நடுவே தொடர்ச்சி எதுவும் கிடையாது என்பது அவர் வாதம். சென்னைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா, பின்னாளில் சென்னை மேயரான தொழிற்சங்கத் தலைவர் சக்கரை செட்டியார், ஜி. வி. ஜோப் முதலானோர் சேர்ந்து, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்கச் சொல்லும் ஒரு கட்டுரைத் தொகுப்பை அதே 1938-ல் மாநாட்டுக்கு முன்பே அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். கிரேமரின் புத்தகத்துக்குச் செஞ்சையா எழுதிய பதிலும் அதில் இருந்தது.

கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ஓர் எதிர்ப்பு இருந்தது. ஏ. ஜி. ஹாக், ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர், 1928 முதல் 1938 வரை கல்லூரி முதல்வர். முப்பது வருஷத்துக்கு மேல் இந்து மாணவர்களோடு பழகியவர். கிறிஸ்துவை ஏற்காதவரின் வாழ்விலும் உண்மையான விசுவாசம் இருக்கிறது, கடவுள் அங்கேயும் தன்னைக் காட்டியிருக்கிறார் என்று அவர் எழுதினார். கிரேமரையும் வில்லனாக்க வேண்டாம். அயலாரை அணுகும் வழி எது என்ற கேள்விக்கு, அது மிஷனரியின் மனப்பான்மையில்தான் இருக்கிறது, அவர்மேல் உண்மையான, விடாத அக்கறை வேண்டும் என்று எழுதியவரும் அவரே. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் ஊரில் உட்கார்ந்து அவர்களைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள். பேசப்பட்டவருக்கு அங்கே நாற்காலி இல்லை. மாற்று மதத்தாரோடு உரையாடுவதை மையமாக வைத்து அதே வளாகத்தில் மறுபடி கூடியது 1988-ல்.

இதையெல்லாம் விவாதித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான், டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய காசநோய் சானடோரியம் இருந்தது. இங்கிலாந்தின் மென்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சைக்குப் போனார். சொந்த வீட்டிலேயே தட்டை ஒதுக்கிவைத்த நோயாளிகளைத்தான் தாம்பரம் சானடோரியம் சேர்த்துக்கொண்டது. மாநாட்டுக்கு முந்தைய வருஷம் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளை வேறு யாரும் சேர்க்கத் தயங்கியபோது அவர்கள் தேடி வந்ததும் அங்கேதான். அந்நியரை உபசரிப்பது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், ஏழு தொகுதிகளைவிட அந்த ரயில் நிலையத்தின் பெயரைத்தான் முதலில் காட்டுவேன்.

ஆனால் அந்த 18 நாட்களில் என்னை அதிகம் பிடித்துவைத்தது கிரேமர் சண்டை இல்லை. முதல் கடமை, கூட விசுவாசிக்கிறவர் பற்றியது.

இந்த மாநாடு உண்மையில் சீனாவில், ஹாங்ஜோவில் நடக்க வேண்டியது. 1937-ல் ஜப்பான் படையெடுத்ததால்தான் தாம்பரத்துக்கு மாறியது. சீனக் குழுவின் தலைவர் வூ யீ-ஃபாங் என்ற பெண்மணி, நான்ஜிங் நகரின் ஜின்லிங் பெண்கள் கல்லூரி முதல்வர். நான்ஜிங் ஜப்பானியரிடம் விழுந்தது 1937 டிசம்பர் 13. கொலையும் வன்புணர்வுமாக நகரம் சிதைந்த அந்த வாரங்களில், ஜின்லிங் வளாகத்தில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 10,000 பேர் அடைக்கலம் புகுந்தார்கள். மின்னி வாட்ரின் என்ற அமெரிக்க மிஷனரி அங்கேயே தங்கி அவர்களைக் காத்தார். கல்லூரியோ மேற்கே செங்டுவுக்கு இடம்பெயர்ந்து போயிற்று. சரியாக ஒரு வருஷம் கழித்து, தாம்பரத்தில், வூ யீ-ஃபாங் இருந்த அதே மாநாட்டில் ஜப்பானியப் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்தார்கள். சகோதர அன்பு என்று நாங்கள் ஒப்பித்த சொல்லுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இருக்குமா?

ஜப்பானியரில் ஒருவர் ககாவா தொயோஹிகோ. கோபே சேரியில் வருஷக்கணக்காகக் குடியிருந்தவர், கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டியவர், உலகமே ஞானியாகக் கொண்டாடியவர். தன் நாட்டின் செயலுக்காகச் சீனர்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தவர். மாநாடு முடிந்ததும் 1939 ஜனவரியில் பர்தோலிக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். அந்தப் பேச்சு 'ஹரிஜன்' இதழில் வந்தது. போரைப் பற்றி ஜப்பானியர் என்ன நினைக்கிறார்கள் என்று காந்தி கேட்க, அங்கே நானே ஒரு மாறுபட்டவன், நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ககாவா திருப்பிக் கேட்டார். காந்தி முதலில் சொல்லத் தயங்கினார். வற்புறுத்தியதும், என் கருத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டுச் சுடப்பட்டுச் சாவேன் என்றார். கூட்டுறவுச் சங்கங்களையெல்லாம் தராசின் ஒரு தட்டிலும் நாட்டின் மானத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த உறுதி எனக்குள் இருக்கிறது, நண்பர்கள்தான் வேண்டாம் என்று தடுக்கிறார்கள் என்றார் ககாவா. உள்ளே இருக்கும் நண்பன் சொல்லும்போது வெளியே இருக்கும் நண்பர்களைக் கேட்காதே என்று காந்தி முடித்தார்.

ககாவா ஊர் திரும்பினார். 1940 ஆகஸ்டில் ராணுவப் போலீஸ் அவரைக் கைது செய்தது, பிறகு விட்டது. போரின் கடைசிக் காலத்தில் அவர் அமெரிக்காவைக் கண்டித்து ரேடியோவில் பேசினார். அதை வைத்து அவரை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. வூ யீ-ஃபாங் 1945-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில், சீனத்தின் சார்பில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்கள் மொத்தமே நான்கு பேர்.