ஒழுங்கைக்குள் எந்த இயந்திரம் போகும்? தீவகத்தில் மரம் தறித்து அகற்றுவோருக்கு

புங்குடுதீவில் எங்கள் பெரியம்மாவின் வளவைத் துப்புரவாக்க ஒரு பெக்கோ வந்தது. 1991இல் விட்டுவிட்டுப் போன வீடு. குசினிக் கூரை விழுந்து, சுவரின் மேல் ஆல் முளைத்து, முற்றத்தில் நின்ற பெரிய வேம்பு ஒருபக்கம் சரிந்து கிடந்தது. "அம்மா, பெக்கோவைக் கூப்பிடுங்கோ. ஒரே நாளில அலுவல் முடிஞ்சிடும்" என்று கனடாவிலிருந்து அண்ணன் தொலைபேசியில் சொன்னார். சொன்னபடியே ஒரே நாளில் முடிந்தது. மாலையில் போய்ப் பார்த்தால் படலைத் தூண் ஒன்று இல்லை. மேற்கு வேலியின் பூவரசங் கதியால்கள் இருபது அடி நீளத்துக்கு வேரோடு கிளறப்பட்டிருந்தன. அந்த மூலையில் நின்ற எல்லைக்கல் மண்ணுக்குள் போய்விட்டது. இயந்திரம் நிலையாக நிற்க ஊன்றிய இரும்புக் கால் கிணற்றுக்கட்டை வெடிக்க வைத்திருந்தது. வேம்பு மட்டும் ஒழுங்காக அகற்றப்பட்டிருந்தது. பக்கத்து வளவுக்காரரோடு எல்லை பற்றிய பேச்சு இன்றுவரை தீரவில்லை.

தீவகத்தில் இப்படியான வளவுகள் ஏராளம். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தனர். பலர் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் தங்கிவிட்டனர். ஆளில்லாத காணிகளில் முப்பது வருட மரங்கள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் வந்த புரெவி போன்ற புயல்கள் அவற்றில் சிலவற்றைக் கூரைகளுக்கு மேல் சாய்த்துவிட்டுப் போகின்றன. மரத்தைத் தறிக்க ஆள் கிடைக்கும். தறித்ததை வளவுக்கு வெளியே எடுப்பதுதான் பாடு. எந்த இயந்திரம் என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

பெரும்பாலானோர் இயந்திரத்தின் வலுவிலிருந்து தொடங்குகிறார்கள். வழியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் அனுபவம். ஒழுங்கையின் மிக ஒடுங்கிய இடம், படலையின் அகலம், வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையிலான இடைவெளி, தாழத் தொங்கும் மின்கம்பி, மலசலகூடக் குழி இருக்கும் இடம் ஆகியவற்றை அளவுநாடாவோடு போய்க் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பெக்கோ ஒன்று ஏழெட்டுத் தொன் எடையும் ஏழு அடிக்கு மேல் அகலமும் கொண்டது. அது உள்ளே போக வேண்டுமானால் ஏதோ ஒன்று இடிபடத்தான் செய்யும். நெடுந்தீவின் கல்வேலிகளுக்கு இடையில் ஓடும் ஒழுங்கைகளில் கேட்கவே வேண்டாம். சாந்தில்லாமல் அடுக்கிய கோறைக்கல் ஒரு உரசலுக்கே சரிந்துவிடும். அதைத் திரும்ப அடுக்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன.

அடுத்தது எடை. கட்டையின் சுற்றளவை நாலால் பிரித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது மர ஆலைக் கணக்கு. நாலு அடி சுற்றளவும் எட்டு அடி நீளமும் உள்ள கட்டை அந்தக் கணக்கில் 8 கன அடி. அறுக்கும்போது கழியும் மரத்தை விட்டுவிட்டுப் போடும் வியாபாரக் கணக்கு அது. உண்மையான பருமன் 10 கன அடிக்குச் சற்று மேல். பச்சை மரத்தை ஏறத்தாழத் தண்ணீரின் எடை என்று வைத்தால் ஒரு கன அடி 28 கிலோ. அப்படியானால் கட்டை 285 கிலோ. மர ஆலைக் கணக்கை நம்பி இயந்திரம் பிடித்தவர் 225 கிலோ என்று நினைத்துக்கொண்டிருப்பார். இந்த 60 கிலோ வித்தியாசத்தில்தான் சிறிய இயந்திரங்கள் பின்சில்லைத் தூக்கும். பனையின் அடித்துண்டு இன்னும் கனக்கும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இயந்திரத்தின் விபரத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கவிழும் சுமை, மற்றது பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய சுமை. விற்பவர் வாயில் வருவது பெரும்பாலும் முதலாவது. சில்லில் ஓடும் சிறிய ஏற்றிகளுக்குக் கவிழும் சுமையில் பாதியையும், இறப்பர் பட்டியில் ஓடுபவற்றுக்கு 35 வீதத்தையும் பாதுகாப்பான அளவாகக் கொள்வது வழக்கம். கட்டையைப் பிடிக்கும் இரும்புக் கவ்வியின் எடையையும் சுமையோடு சேர்க்க வேண்டும். நடுவில் மடிந்து திரும்பும் வகை ஏற்றிகள் நேராக நிற்கும்போது தூக்குவதைத் திரும்பிய நிலையில் தூக்கமாட்டா. எங்கள் 285 கிலோ கட்டையை 90 கிலோ கவ்வியோடு தூக்க 750 கிலோ கவிழும் சுமையுள்ள சில்லு இயந்திரம் வேண்டும், அதுவும் மட்டமான தரையில்.

அதே கட்டையை இரண்டாக வெட்டினால் இதைவிடச் சிறிய இயந்திரம் போதும். விறகுக்குப் போகும் மரமென்றால் யோசிக்கவே தேவையில்லை. பனையை அப்படி வெட்ட மனம் வராது. சிலாகைக்கும் வளைக்கும் நீளம் வேண்டும். குட்டையாக வெட்டிய பனங்குற்றி அடுப்புக்கே ஆகும். ஆகவே மரம் எதற்கு என்று தீர்மானிக்காமல் இயந்திரம் பேசப் போகாதீர்கள்.

கிடைப்பவையும் பார்ப்பவையும்

வெளிநாட்டு உறவினர்கள் காணொளி அனுப்புவார்கள். ஒருவர் பின்னால் நின்றுகொண்டு இயக்கும் சின்ன ஏற்றி, மூன்றடிப் படலையால் நுழைந்து, கட்டையைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். எடை ஒன்று முதல் ஒன்றரைத் தொன். உண்மையிலேயே அருமையான இயந்திரம்தான். இருந்த இடத்திலேயே சுழலும் இந்த வகை ஏற்றிகளின் மூதாதை, 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணைக்காகச் செய்து கொடுத்த மூன்று சில்லு இயந்திரம். கொட்டிலுக்குள் தூண்களுக்கு நடுவில் திரும்ப வேண்டும் என்பதே தேவை. பின்னாளில் அதிலிருந்து வந்த பொப்கட் என்ற பெயர் இந்த வகை முழுவதுக்கும் ஆகிவிட்டது. ஆனால் சுழலும்போது சில்லு தரையை அரைக்கும். தீவகத்தின் மெல்லிய மேல்மண்ணில், அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கும் இடத்தில், ஒரு நாள் ஓட்டம் போதும் முற்றம் உழுத மாதிரி ஆக. கல் முனையும் கருக்குமட்டையும் பட்டியையும் டயரையும் தின்னும்.

ஒன்றரை முதல் இரண்டு தொன் எடையுள்ள சிறிய அகழ்வு இயந்திரத்தை யாழ்ப்பாண நகரப் பக்கத்திலிருந்து வரவழைக்கலாம். அகலம் மூன்றரை அடிக்குள் அடங்கும். வாளிக்கு எதிரே பெருவிரல் போல ஒரு கவ்வி பூட்டியிருந்தால் கட்டையை எடுத்து வைக்கும். அது இல்லாவிட்டால் சங்கிலி போட்டுத் தூக்க வேண்டும், அப்போது கட்டை ஊஞ்சலாடும். முன்வாளி பூட்டிய உழவு இயந்திரம் இன்னொரு தெரிவு. பின்பக்கம் பாரம் கட்டாமல் அதனால் கட்டை தூக்க விடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட மலிவான ஒன்றை யாரும் நினைப்பதில்லை. இரண்டு பழைய சில்லுக்கு மேல் வில் போல வளைத்த இரும்புக் குழாய், நடுவில் ஒரு சங்கிலி. உள்ளூர் ஒட்டுவேலைக் கடையில் செய்துவிடலாம். கட்டையின் தலைப்பக்கத்தை அதில் கொழுவித் தூக்கினால் வால்பக்கம் தரையில் இழுபடும். பாரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் வண்டி சுமக்கும். லாண்ட்மாஸ்டர் ஒன்று அதை ஒழுங்கையால் இழுத்துப் போகும். ஏற்றுவதற்கு நம் அப்புமார் செய்ததே போதும்: பெட்டியில் சாய்த்த இரண்டு வலுவான மரங்கள், கட்டையின் அடியால் போய் மேலால் திரும்பி வரும் இரண்டு கயிறு. கயிற்றின் ஒரு முனையைப் பெட்டியில் கட்டி மறு முனையை இழுத்தால் கட்டை தானே உருண்டு ஏறும், இழுக்கும் விசையும் பாதியாகும். கட்டைக்குக் கீழே மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

ஊருக்கு ஒரு இயந்திரம் வாங்கி அனுப்ப நினைக்கும் புலம்பெயர் சங்கங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏற்றிக்குப் பதில் இப்படியான வண்டிகள் சிலவும், கையால் இயக்கும் கம்பிவட இழுவை ஒன்றும், நல்ல தலைக்கவசங்களும் வாங்கிக் கொடுங்கள். ஏற்றியின் ஐதரோலிக் குழாய் ஒன்று வெடித்தால் அதை அழுத்திக் கொடுக்கும் கடைக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். நெடுந்தீவிலிருந்து அது ஒரு நாள் அலுவல். கடல் குழம்பினால் இரண்டு மூன்று நாள். வெடித்த குழாயால் வடியும் எண்ணெய் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால் எங்கே போகும் என்பதைச் சுன்னாகம் கிணறுகளின் கதை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீவுகளின் நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய படை. எந்த இயந்திரமானாலும் கிணற்றடியில் நிறுத்தி எண்ணெய் ஊற்ற விடாதீர்கள்.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரை பண்ணைப் பாலத்தால் லொறியில் இயந்திரம் வந்து சேரும். குறிகட்டுவானுக்கு அப்பால் எல்லாம் மாறிவிடுகிறது. பயணிகள் படகில் இயந்திரம் ஏற்ற முடியாது. சரக்குப் படகு பேச வேண்டும். இறங்குதுறையில் ஏற்றி இறக்கும் வசதி, படகின் தளம் தாங்கும் எடை இரண்டையும் படகோட்டியிடமே கேளுங்கள், இயந்திரக்காரரிடம் கேட்காதீர்கள். சோளகம் பலமாக வீசும் மாதங்களிலும் வாடை மாரியிலும் நெடுந்தீவுக் கடலில் நாள் குறிக்க முடியாது. நயினாதீவென்றால் நாகபூசணி அம்மன் கோவில் திருவிழா நாட்களைத் தவிர்த்து விடுங்கள். வாடகை பேசும்போது காத்திருக்கும் நாளுக்கு யார் பணம் கொடுப்பது என்பதை முதலே எழுதிக்கொள்ள வேண்டும். வேலை நேரத்தை இயந்திரத்தின் மணிமானியைப் பார்த்துக் குறியுங்கள். திரும்பி வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவி, மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிப்பது யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும்

வேறு நாட்டில் எழுதிய வழிகாட்டி எதிலும் இந்தப் பகுதி இருக்காது. முப்பது வருடம் ஆளில்லாத வளவில் இயந்திரத்தை விடுமுன் கையால் பற்றையை வெட்டித் தரையைப் பார்க்க வேண்டும். மூடாத கிணறு, மேல்மூடி உக்கிய மலக்குழி, பனந்தறி போட்டு மூடிய பழைய பதுங்குகுழி எல்லாம் இலைச்சருகுக்கு அடியில் இருக்கும். ஒரு தொன் இயந்திரம் கூட அவற்றுக்குள் இறங்கிவிடும். அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் எதுவும் தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தொடவோ நகர்த்தவோ வேண்டாம். வந்த வழியாலேயே விலகி, 119க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் வடக்கில் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

மரத்துக்குள் இருக்கும் சன்னத்தையும் செல் துண்டையும் மர ஆலைக்காரர் நன்கு அறிவர். பனையில் பட்ட காயம் மூடாது, ஓட்டை வெளியே தெரியும். வேம்பும் மாவும் அப்படியல்ல. பட்டை வளர்ந்து மூடி, வெளியே ஒரு புடைப்பு மட்டும் நிற்கும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். இயந்திர வாளின் சங்கிலி அதில் பட்டு அறுந்தால் பாயும் துண்டு ஆளைக் காயப்படுத்தும். கண்ணாடியும் முகமறைப்பும் இல்லாதவரை வாள் பிடிக்க விடாதீர்கள்.

நிற்கும் மரத்தை வாளியால் தள்ளி விழுத்தும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பட்ட பனையையோ தென்னையையோ அப்படித் தள்ளினால் தலைப்பகுதி முறிந்து ஓட்டுநரின் மேலேயே திரும்பி வரும். சிறிய ஏற்றிகள் பலவற்றில் தலைக்கு மேல் விழுவதைத் தாங்கும் கூரை இல்லை. கம்பிக்குப் பக்கத்தில் என்றால் 1987க்கு அழைத்து இணைப்பைத் துண்டிக்கக் கேளுங்கள்.

அனுமதி விடயமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க உத்தரவுப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணி என்பது விலக்கல்ல. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும்: புங்குடுதீவும் நயினாதீவும் வேலணைக்கு, அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைக்கு, நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம். கட்டையை வெளியே கொண்டுபோவதற்கு வேறு பத்திரம் தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வீதிச் சோதனையில் லொறி மறிபட்டு நின்றால் வாடகை மணி ஓடிக்கொண்டே இருக்கும்.

இயந்திரம் வருமுன் நாலு மூலையையும் படம் எடுத்து, எல்லைக்கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டி, பக்கத்து வளவுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கதியால் வேலி எங்கள் ஊரில் வெறும் மறைப்பல்ல. உறுதி தொலைந்தவர்களுக்கும் நில அளவை வரைபடம் எரிந்தவர்களுக்கும் எல்லையைக் காட்ட மிஞ்சியிருக்கும் சாட்சி சில வேளை அந்தப் பூவரசும் கிளுவையும்தான். வடலிகளை ஓட்டுநருக்குத் தனியாகக் காட்டி விடுங்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு வடலியும் பற்றைதான்.

பெரியம்மா வளவின் பின்பக்கம் இன்னொரு வேம்பு நின்றது. போன மாரிக்கு முன் அதையும் தறித்தோம். இயந்திர வாளோடு இரண்டு பேர், சில்லு வண்டி, ஒரு லாண்ட்மாஸ்டர். இரண்டரை நாள் எடுத்தது. அண்ணன் ஒவ்வொரு நாளும் கனடாவிலிருந்து அழைத்து "இன்னும் முடியேல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிழக்கு வேலியில் ஒரு கதியாலும் அசையவில்லை. கிணற்றுக்கட்டு மட்டும் இன்னும் வெடித்தபடியே இருக்கிறது, மேசன் வருவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.