அம்மோனியாவைத் தேடாத ஆண்டுகள்

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் மூலக்கூறுகள் உண்டு என்பது 1940 அளவிலேயே தெரிந்திருந்தது. விண்மீன் ஒளியின் நிறமாலையில் சிஎச், சிஎன் போன்ற ஈரணு மூலக்கூறுகளின் கோடுகள் பதிவாகியிருந்தன. ஆயினும், அவற்றினும் பெரிய மூலக்கூறு அங்கே நிலைக்காது என்பதே வானியலாளர் பலரின் துணிபு. அவ்வெளியில் அணுக்கள் சந்திப்பதே அரிது. சேர்ந்தாலும் புற ஊதாக் கதிர் அவற்றைச் சிதைத்துவிடும் என்று கருதினர்.

1955இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் நடந்த கருத்தரங்கில், இயற்பியலாளர் சார்லஸ் டவுன்ஸ் வானொலி அலைகளில் தேடத்தக்க மூலக்கூறுகளைப் பட்டியலிட்டார். ஹைட்ராக்சில், அம்மோனியா, நீர், கார்பன் மோனாக்சைடு ஆகியவை அதில் இருந்தன. எனினும் ஹைட்ராக்சில் கண்டறியப்பட எட்டு ஆண்டுகள் ஆயின. 1963இல் வைன்ரெப், பாரெட், மீக்ஸ், ஹென்றி ஆகியோர் 18 செ.மீ. அலைநீளத்தில் அதைக் கண்டனர். அதுவும் ஈரணு மூலக்கூறே என்பதால் பழைய துணிபு அசையவில்லை.

1967இல் டவுன்ஸ் பெர்க்லிக்கு வந்தார். பொறியாளர் ஜாக் வெல்ச் உள்ளிட்ட குழுவுடன், ஹாட் கிரீக்கிலிருந்த சுமார் 6 மீட்டர் வானலை வாங்கியில் 1.25 செ.மீ. அலைநீளத்துக்கான ஏற்பியைப் பொருத்தினார். 1968இல் நம் பால்வீதியின் மையப்பகுதியை நோக்கியபோது அம்மோனியாவின் கோடு தெளிவாகத் தெரிந்தது. அடுத்து அதே கருவி நீரையும் காட்டியது. 1969இல் கிரீன் பேங்கில் ஃபார்மால்டிஹைடும், 1970இல் கிட் பீக்கில் கார்பன் மோனாக்சைடும் கண்டறியப்பட்டன.

பிழை கணக்கில் இல்லை. கணக்கு எடுத்துக்கொண்ட சராசரியில் இருந்தது. வெளியின் சராசரி அடர்த்தி மிகக் குறைவுதான். ஆனால் கரிய தூசு மேகங்களுக்குள் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை எட்டுகிறது. புற ஊதாக் கதிரைத் தூசு தடுத்துவிடுகிறது. ஒளி ஊடுருவ முடியாத அம்மேகங்களிலிருந்து வானொலி அலைகள் தடையின்றி வெளிவருகின்றன. புதிய விண்மீன்கள் பிறக்குமிடமும் அதுவே.

ராபர்ட் டிக்கி 1.25 செ.மீ. கதிர்மானியை 1946இலேயே வெளியிட்டிருந்தார். நீர் உமிழும் சில மேகங்களின் குறிப்பலையோ சிறிய வாங்கிக்கே எட்டும் அளவுக்கு வலியது. ஆகவே அவ்விரு பத்தாண்டுத் தாமதத்துக்குக் கருவியின்மையை மட்டும் காரணம் சொல்ல இயலாது. கிடைக்காது என்று முடிவுகட்டிய இடத்தில் பெரும்பாலோர் தேடவே முற்படவில்லை. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் அப்பட்டியலில் உள்ளன.