வெஸ்டர்மார்க் விளைவு

குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளை ஒரே வீட்டில், ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாக விளையாடிக் கழித்த இருவருக்கு, வளர்ந்த பிறகு ஒருவர்மீது ஒருவருக்குப் பாலீர்ப்பு எழுவதில்லை என்ற கருத்தே வெஸ்டர்மார்க் விளைவு. இருவருக்கும் இரத்த உறவு உண்டா என்பது இங்கே கணக்கில்லை. சேர்ந்து வளர்ந்தார்களா என்பதுதான் கணக்கு. பின்லாந்து அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் (1862–1939) இதை 1891இல் முன்வைத்தார். மனிதரின் நடத்தையையும் சமூக வாழ்வையும் பரிணாமத்தின் துணைகொண்டு விளக்கிய முயற்சிகளில், முதலில் ஒதுக்கித் தள்ளப்பட்டுப் பின்னர் களத்தில் கடுமையாகச் சோதிக்கப்பட்டவற்றுள் இது முன்னிற்கிறது.

ஹெல்சிங்கியில் சுவீடிஷ் பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்த வெஸ்டர்மார்க், டார்வினின் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டு 1887இல் லண்டன் சென்று பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் அமர்ந்தார். ஆதி மனிதருக்குத் திருமணமே கிடையாது, எந்த வரைமுறையும் இல்லாத கூட்டு வாழ்வே இருந்தது என்று மார்கன், மக்லென்னன் போன்ற மானிடவியலாளர்கள் அதற்கு முன்பே உறுதியாக எழுதியிருந்தார்கள். இருபதுகளைத் தாண்டாத அந்த இளைஞர் அதை மறுத்தார். அவருடைய ‘மனிதத் திருமணத்தின் வரலாறு’ 1891இல் வெளிவந்தபோது, டார்வினோடு இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் முன்னுரை எழுதினார். 1898 முதல் மொராக்கோவில் நெடுங்காலம் களப்பணி செய்த வெஸ்டர்மார்க், 1907 முதல் 1930 வரை லண்டன் பொருளியல் பள்ளியில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி அவருடைய மாணவர்.

உடன்பிறந்தோர் கூடிப் பிள்ளை பெற்றால் என்ன ஆகும் என்பதுதான் வாதத்தின் வேர். இரு தரப்பிலும் மறைந்திருக்கும் ஒரே பழுதுபட்ட மரபணு பிள்ளையிடம் சந்திக்க வாய்ப்பு கூடுகிறது. நோயும் இளவயது மரணமும் பெருகுகின்றன. ஆகவே இத்தகைய சேர்க்கையைத் தவிர்க்கும் மனப்போக்கு உடையவர்களின் வழித்தோன்றல்களே தலைமுறை தலைமுறையாகத் தழைத்திருப்பார்கள். ஆனால் மனித மனம் எதிரில் நிற்பவரின் மரபணுவைப் படிக்க முடியாது. அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். மனிதக் குடும்பங்களில் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து உடன் வளர்பவர் பெரும்பாலும் உடன்பிறப்பே. அந்த அடையாளம் போதும்.

டார்வினுக்கே இந்தக் கேள்வி சொந்தக் கவலையாக இருந்தது. 1839இல் அவர் மணந்த எம்மா வெட்ஜ்வுட் அவருடைய தாய்மாமன் மகள். பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தார்கள். 1871ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று அவர் முயன்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

வெஸ்டர்மார்க்குக்கு வந்த எதிர்ப்பு வலுவானது. மக்கள் தாமாகவே வெறுக்கும் ஒன்றைத் தடுக்கச் சட்டம் எதற்கு என்று கேட்டார் மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர், 1910இல். நெருப்பில் கை வைக்காதே என்று எந்தச் சமூகமும் சட்டம் போடுவதில்லை. சட்டம் இருப்பதே உள்ளே ஆசை இருப்பதற்குச் சான்று என்பது அவர் வாதம். சிக்மண்ட் ஃபிராய்ட் 1913இல் இதை அப்படியே எடுத்துக்கொண்டார். குழந்தையின் முதல் விருப்பமே குடும்பத்துக்குள் எழுவதுதான், அதை அடக்கவே நெருங்கிய உறவினரிடையே பாலுறவுக்கு விலக்கு வந்தது என்றார். தந்தையைக் கொல்வதற்குக் கடும் தண்டனை இருப்பதால் எல்லோருக்கும் தந்தையைக் கொல்லும் இச்சை உண்டு என்று சொல்லிவிட முடியுமா என்று வெஸ்டர்மார்க் திருப்பிக் கேட்டார். நியாயமான பதில்தான். ஆனால் காலம் ஃபிராய்டின் பக்கம் இருந்தது.

1949இல் மானிடவியலாளர் லெவி ஸ்ட்ராஸ் இந்த விலக்குக்கு வேறொரு விளக்கம் தந்தார்: பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் குழுக்கள் தமக்குள் உறவு பூணவே அது தோன்றியது, இயற்கையிலிருந்து பண்பாட்டுக்கு மனிதன் கடந்த வாசல் அது. இதற்கிடையே உயிரியலின் பெயரால் பெருங்கொடுமைகள் நடந்திருந்தன. அமெரிக்க மாநிலங்களில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் வந்தன. ஜெர்மனியில் நாஜிகள் 1933இல் அதே வழியில் சட்டம் இயற்றினார்கள். மனித நடத்தைக்கு உயிரியல் காரணம் சொல்பவர்களைச் சமூக அறிஞர்கள் ஐயத்தோடு பார்த்ததில் தவறில்லை. அந்த ஐயத்தில் வெஸ்டர்மார்க்கின் கருத்தும் சோதிக்கப்படாமலே கிடந்தது.

அதை எழுப்பியது தைவான். அமெரிக்க மானிடவியலாளர் ஆர்தர் வுல்ஃப் 1950களின் இறுதியில் வடக்குத் தைவானின் கிராமங்களில் ஒரு பழைய திருமண வழக்கத்தைக் கண்டார். பெண் குழந்தையைக் கைக்குழந்தையாகவோ தவழும் வயதிலோ தத்தெடுத்து, தங்கள் மகனோடு வளர்த்து, வயது வந்ததும் அவனுக்கே மணமுடிப்பார்கள். இப்படி வரும் பெண் ‘சிம்புவா’ எனப்பட்டாள். மணச்செலவு மிச்சம், மாமியாரே வளர்த்த மருமகள் என்பதால் வீட்டில் சண்டையும் குறைவு. பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில், இனி நீங்கள் கணவன் மனைவி என்று இருவரிடமும் சொல்லிவிடுவார்கள். மணமக்கள் அறையைவிட்டு ஓடிவிடாமலிருக்கத் தான் கையில் தடியோடு வாசலில் காவல் நின்றதாக ஒரு முதியவர் வுல்ஃபிடம் சொன்னார்.

ஃபிரேசரின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சோதனைக்களம் கிடைத்திருக்காது. இங்கே சமூகம் எதையும் தடுக்கவில்லை. மாறாக, சேர்ந்து வாழச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. வெறுப்பு வெறும் விதியிலிருந்து பிறப்பதாக இருந்தால் இந்த மணங்களில் அது தோன்றவே கூடாது.

தைவானை 1895 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானியர், ஒவ்வொரு வீட்டின் பிறப்பு, தத்தெடுப்பு, திருமணம், மணமுறிவு எல்லாவற்றையும் பதிவேடுகளில் எழுதிவைத்திருந்தார்கள். வுல்ஃப் பல ஆண்டுகள் உழைத்து 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருமணங்களின் விவரங்களைத் திரட்டி, 1995இல் வெஸ்டர்மார்க்குக்காக வாதாடும் ஒரு பெருநூலாக வெளியிட்டார். மூன்று வயதுக்கு முன்பே தத்து வந்த பெண்களுக்குப் பிள்ளைப்பேறு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. மணமுறிவு வெகுவாகக் கூடியிருந்தது. வயது தள்ளித் தத்து வந்தவர்களிடம் இந்த விளைவு மங்கியது. வளர்ப்பு மகள்கள் சரியான உணவின்றி வளர்ந்ததால்தான் பிள்ளைகள் குறைந்தன என்று சொல்லலாமே? அந்த ஐயத்தையும் வுல்ஃப் சரிபார்த்தார். தத்து வந்தபின் வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றில் குறைவில்லை. பரிணாமத்தின் பெயரால் மனிதரைப் பற்றிச் சொல்லப்படும் எத்தனையோ ஊகங்களுக்கு நடுவே, இவ்வளவு பொறுமையோடு மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கிய ஆய்வு அரிது.

இஸ்ரேலின் கிபுட்ஸ் எனப்படும் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகள் இரண்டாவது சான்றாயின. அங்கே ஒரே வயதுக் குழந்தைகள் பெற்றோர் வீட்டில் அல்லாமல் பொதுக் குழந்தைகள் இல்லத்தில் இரவும் பகலும் சேர்ந்து வளர்ந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. 1971இல் யோசஃப் ஷெஃபர் 2,769 திருமணங்களை ஆராய்ந்தபோது, ஒரே குழுவில் வளர்ந்தவர்களிடையே நடந்தவை வெறும் 14. அந்த 14 இணைகளிலும் முதல் ஆறு ஆண்டுகளை இடைவிடாமல் ஒன்றாகக் கழித்தவர்கள் எவருமில்லை. 1983இல் ஜஸ்டின் மக்கேப், லெபனான் கிராமம் ஒன்றில் ஒன்றாக வளர்ந்த சிற்றப்பன், பெரியப்பன் மக்கள் மணந்துகொண்ட இணைகளை ஆராய்ந்தார். அங்கும் பிள்ளைகள் குறைவு, மணமுறிவு அதிகம்.

உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1975இல் ‘சமூக உயிரியல்’ நூலை வெளியிட்டபோது மனிதரைப் பற்றிய கடைசி அத்தியாயம் பெரும் சண்டையைக் கிளப்பியது. 1978இல் வாஷிங்டன் கூட்டமொன்றில் எதிர்ப்பாளர்கள் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். மரபணுவும் பண்பாடும் கைகோக்கும் விதத்தைக் காட்ட அவர் பிற்காலத்தில் விரிவாக எடுத்தாண்ட சான்று வெஸ்டர்மார்க்குடையது.

அடுத்த கேள்வி, மனம் உடன்பிறப்பை எப்படி அடையாளம் காண்கிறது என்பது. டெப்ரா லீபர்மன், ஜான் டூபி, லீடா காஸ்மிடெஸ் மூவரும் 2007இல் இரண்டு தடயங்களைச் சுட்டினார்கள். மூத்தவருக்கு, தன் தாய் அந்தக் கைக்குழந்தைக்குப் பாலூட்டிப் பேணுவதைக் கண்டதே போதும். அதைக் காண வாய்ப்பில்லாத இளையவருக்கு, எத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம் என்பது அளவுகோல். குறிப்பிடத்தக்கது என்னவென்றால், அதே தடயங்கள் பாலீர்ப்பைத் தடுப்பதோடு, உடன்பிறப்புக்காகத் தன்னை வருத்திக்கொள்ளும் பாசத்தையும் கூட்டுகின்றன. உறவினருக்கு உதவும் பண்பு இயற்கைத் தேர்வில் எப்படி நிலைக்கும் என்று உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் 1964இல் வகுத்த கணிதத்தோடு இது பொருந்துகிறது.

மறுப்புகளும் ஓயவில்லை. ஏரன் ஷோர், தலித் சிம்ச்சாய் இருவரும் கிபுட்ஸில் வளர்ந்த 60 பேரிடம் நீண்ட நேர்காணல் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பலர் கூட வளர்ந்தோர்மீது ஈர்ப்பு இருந்ததை ஒப்புக்கொண்டார்கள். நெருக்கமான குழுவின் ஒற்றுமையே அதைத் தடுத்திருக்கலாம் என்பது இவர்களின் விளக்கம். ரோமானிய ஆட்சிக்கால எகிப்து இன்னும் பெரிய சிக்கல். அங்கே கிடைத்த குடிக்கணக்குப் பாப்பிரஸ்களில் அண்ணன் தங்கை திருமணங்கள் சாதாரணக் குடிகளிடமே கணிசமாகத் தென்படுகின்றன. மணமகன் வீட்டுக்குள் தத்தெடுக்கப்பட்டவராக இருந்திருக்கலாம் என்று சபினே ஹியூப்னர் 2007இல் வாதிட்டார், மற்றவர்கள் மறுத்தார்கள். வழக்கு முடியவில்லை.

பரிணாம விளக்கம் எதுவரை செல்லும் என்பதற்குத் தமிழர் உறவுமுறை தெளிவான எல்லைக்கல். அத்தை மகளும் சித்தப்பா மகளும் மரபணுக் கணக்கில் சமம். சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. ஆனால் ஒருத்தி முறைப்பெண், மற்றவள் தங்கை. கூட்டுக் குடும்பத்தில் சித்தப்பா பிள்ளைகள் ஒரே முற்றத்தில் வளர்கிறார்கள், அத்தை வேறு ஊரில் வாழ்கிறாள் என்று வெஸ்டர்மார்க் வழியில் விளக்கலாம். ஆனால் சித்தி பிள்ளைகள்? அவர்களும் வேறு ஊரில்தான் வளர்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவில் பார்த்தாலும் அண்ணன் தங்கைதான். இங்கே ஆள்வது சேர்ந்து வளர்ந்த பழக்கம் அல்ல, முறை. மானிடவியலாளர்கள் லூயி துமோனும் தாமஸ் டிராட்மனும் திராவிட உறவுமுறையை விரிவாக ஆராய்ந்தது அந்த முறையின் தர்க்கத்துக்காகவே. சிறுவயது நெருக்கம் வெறுப்பை விதைக்கலாம். யாரை மணக்கலாம் என்ற முழுப் பட்டியலை அது எழுதுவதில்லை.

தைவானில் இளைஞர்கள் கூலி வேலைக்குச் சென்று சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கியபின் சிம்புவா மணங்களை ஏற்க மறுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வழக்கம் மறைந்தது. கிபுட்ஸ்களில் குழந்தைகள் இரவில் தனி இல்லத்தில் உறங்கும் ஏற்பாடு 1990களில் முடிவுக்கு வந்தது. வுல்ஃப் 2015இல் காலமானார். இதுபோன்ற இயற்கைச் சோதனைகளை இனி புதிதாக அமைக்க முடியாது. இந்த விளைவை மீண்டும் ஆராய விரும்புவோர் பெரிதும் நம்பியிருப்பது ஜப்பானியர் எழுதிவைத்த அந்தக் குடும்பப் பதிவேடுகளைத்தான்.