காசுமாலையில் ஒரு வெனிசுக் காசு

நாஞ்சில் நாட்டில் பொன்னை அறியும் அறிவுக்கு என்றும் குறைவு இருந்ததில்லை. கோட்டாற்றுப் பொற்கொல்லர் உரைகல்லில் ஒரு கீற்று இழுத்து, மாற்றாணியின் கீற்றோடு ஒப்பிட்டு, மாற்று இன்னதென நொடியில் சொல்லிவிடுவார். ஆயின் அக்கல் உரைப்பது பொன்னின் தரத்தை மட்டுமே. எந்த அரசின் காசு, எக்காலத்தது, உண்மையில் காசுதானா என்னும் வினாக்களுக்கு உரைகல்லில் விடை இல்லை. மாற்றுக் குறையாத பொன்னிலும் போலிக் காசு உண்டு என்பதே இத்துறையில் முதலில் அறியவேண்டுவது.

இதற்கு வெனிசு நகரக் காசினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1284இல் முதன்முதல் அடிக்கப்பட்ட டக்கட் என்னும் அப்பொற்காசு, 1797இல் வெனிசுக் குடியரசு வீழும் வரை ஏறத்தாழ ஒரே தோற்றத்துடன் வெளிவந்தது. எடை சுமார் 3.5 கிராம்; பொன்னோ கிட்டத்தட்ட முழு மாற்று. எகிப்து, செங்கடல் வழியாக மிளகின் விலையாக அது மேற்குக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரின் உள்நாட்டுப் பொற்பணமோ அரை கிராமும் தேறாத சிறு துணுக்கு; குழிகள் இட்ட மரப்பலகையில் பரப்பி எண்ணவேண்டிய அளவு சிறிது. உருவம் பொறித்த அகன்ற வெனிசுக் காசு கழுத்தணியாகத் தேர்ந்துகொள்ளப்பட்டதில் வியப்பில்லை.

அக்காசின் ஒருபுறம், புனித மாற்கு நின்று கொடிக்கம்பத்தை நீட்ட, வெனிசின் தலைவர் அவர்முன் முழந்தாளிட்டு அதனைப் பற்றுகிறார். மறுபுறம் விண்மீன்கள் சூழ இயேசுவின் உருவம். இலத்தீன் எழுத்தறியாத தென்னாட்டார் இக்காட்சியைத் தம் வாழ்வைக்கொண்டு படித்தனர். கம்பம் பனைமரமாயிற்று; முழந்தாளிட்டவர் அதில் ஏறும் மனிதரானார். ‘சாணார் காசு’ என அது வழங்கப்பட்டதை எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்துள்ளார். பனைத்தொழில் செய்தோரின் முன்னோர் அரசாண்டு அடித்த நாணயம் இது என்னும் நம்பிக்கையும் எழுந்தது. நாணயவியலார் இதனைப் பிழையான வாசிப்பு என்பர், அது சரியே. எனினும் தோள்சீலை உரிமைக்காகவே 1859 வரை போராட வேண்டியிருந்த தென் திருவிதாங்கூரில், ஒரு மக்கள் திரள் அயல்நாட்டுப் பொன்னில் தன் உருவத்தைக் கண்டதை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடுதல் வரலாறாகாது.

தேவை பெருகவே இந்தியப் பொற்கொல்லர் இக்காசின் படிகளைச் செய்தனர். உருவத்தை ஓரளவு பெயர்த்த அவர்கள் கை எழுத்தில் இடறியது. உண்மைக் காசில் முழந்தாளிட்ட தலைவரின் பெயர் விளிம்பையொட்டிப் படிக்கும் வகையில் இருக்கும். லுடோவிகோ மானின் என்றிருப்பின் அது 1789க்கும் 1797க்கும் இடைப்பட்டது. படிகளிலோ எழுத்துகள் கோடும் புள்ளியுமாகச் சிதைந்து, எம்மொழியிலும் பொருள்படாத வரிசையாகிவிடும். பொன் நல்ல பொன்னாக இருக்கலாம், எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. இத்தகைய பழம்படிகளைப் போலி என்று ஒதுக்குவதும் பொருந்தாது. அவை நாணயம் அல்ல எனினும், நம் நாட்டு நகைத்தொழிலின் ஆவணங்கள்.

எடையை மட்டும் நம்புதலும் தவறு. மாலையில் கோக்கப் பற்றாசு வைத்து ஊதிய வளையம் எடையைக் கூட்டும். தலைமுறைத் தேய்மானம் குறைக்கும். அச்சில் அடித்த காசின் பரப்பு இறுகியிருக்கும்; வார்த்ததில் நுண்துளைகளும், சிலவேளை விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தென்படும். பிற்காலத்துப் பவுனுக்கு அளவு துல்லியமானது: எடை 7.98 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், 22 காரட். ஆயினும் 1950களில் பெய்ரூட்டில் செய்யப்பட்ட போலிப் பவுன்கள் சில பொன்னளவில் குறைவற்றவை. அங்கும் உரைகல் ஏமாறும்; அச்சின் நுணுக்கம் கண்ட கண்ணே பிழைக்கும்.

இவற்றோடு சேர்த்து எண்ணத்தகாதவை, பித்தளையில் பொன்முலாம் பூசி இக்காலத்தில் விற்கப்படும் வில்லைகள். ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன். மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 போன்ற ஆண்டும் ‘அரை அணா’ என்னும் மதிப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். கம்பெனி இந்துக் கடவுளர் உருவத்துடன் காசே அடிக்கவில்லை என்று இதனை மறுப்போர் உளர். அவ்வாதம் நில்லாது. சென்னையில் கம்பெனி வெளியிட்ட மூன்று சுவாமி வராகனில் திருமாலும் தேவியர் இருவரும் உள்ளனர். ஆனால் அது வராகன். ஆங்கில ஆண்டும் அணா மதிப்பும் அதில் இல்லை. பட்டாபிஷேகக் காட்சியுடன் அணாக் காசு எதனையும் கம்பெனி அடிக்கவே இல்லை. ஆகவே அவ்வில்லைகள் எந்த மூலத்தின் படியும் அல்ல, கற்பனைப் பண்டங்கள். அரிசியை ஈர்க்கும், இரிடியம் கலந்தது என்றெல்லாம் சொல்லி இவற்றை இலட்சங்களுக்கு விற்போரும், நம்பி வாங்கி வீடிழந்தோரும் தமிழகத்தில் உண்டு.

உண்மைக்காசு நேர்வதோ இதற்கு நேர்மாறான அழிவு. பழைய காசுமாலையைப் பேத்திக்குப் புதுநகையாக மாற்றும்போது கடைக்காரர் எடையும் மாற்றும் பார்த்து விலை தருகிறார். அன்றே மூசையில் இடுகிறார். வெனிசுத் தலைவரின் பெயர் தாங்கிய காசும், எழுத்தறியாத தட்டார் செய்த படியும், நேற்றுச் செய்த வில்லையும் அங்கே ஒரே பொன்குழம்பு. கொடுக்குமுன் ஒவ்வொரு காசின் மீதும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இருபுறமும் பதிந்துவிடும். எடையையும் குறுக்களவையும் அத்தாளிலேயே குறித்துக்கொள்ளலாம். அதற்குக் கால்மணி நேரம் போதும்.